அட்டைக்குப் பயந்தவளும் இரும்புக்கால் சூரனும்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற பெரட்டைப் பயந்தவர்களுக்கென்று தனியாக வைத்து, காலையில் பெயர் கூப்பிட்டால், முதல் ஆளாக வந்து நிற்கிறவள் பாக்கியலெட்சுமிதான். அதுவும் தனியாக வரமாட்டாள், என்னையும் இழுத்துக்கொண்டுதான் வருவாள். நமுனுகுல மலைக்குக் கீழே மேட்டு லயத்து வரிசை வீடுகளில் அவளுக்குக் கடைசி அறை, தொங்கல் காம்பரா, எனக்கு அதற்கடுத்தது. நடுவில் இருப்பது ஒரு தகரம். அவள் பயந்த பயத்தையெல்லாம் அந்தத் தகரம் வழியாகக் கேட்டுக்கேட்டு என் காது புளித்துப்போயிற்று.

இடிக்குப் பயம். தோட்டத்தை நடத்துகிற தொரையின் ஜீப்புக்குப் பயம். குவைத்தில் வேலை செய்கிற மகள் நிரஞ்சலா நேரங்கெட்ட நேரத்தில் போன் அடித்தால், என்ன கெட்ட செய்தியோ என்று எடுக்கவே பயம். போன் அலறும், இவள் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள், நான் போய் எடுத்துக் கொடுக்க வேண்டும். ஆனால் இதெல்லாம் சும்மா. அவளுடைய பெரிய பயம் அட்டை.

மழை பெய்த மறுநாள் தேயிலைக்குள் கால் வைத்தால் அட்டை ஏறத்தான் செய்யும். நாங்கள் பிடுங்கி எறிந்துவிட்டு அடுத்த கொழுந்தைப் பார்ப்போம். இவள் அப்படியே மரமாக நின்று, காலை முன்னால் நீட்டி, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "அக்கா, எடுத்துவிடுங்கக்கா" என்பாள். ஐம்பதை நெருங்குகிற மனுசி. கங்காணி சின்னராசா தூரத்திலிருந்தே, "ராணி, ஒன் புள்ள கூப்பிடுது, போய்ப் பாரு" என்று நக்கலடிப்பார். நானும் திட்டிக்கொண்டேதான் போவேன். போகாமல் இருக்க முடியாது. அவள் நின்ற இடத்திலேயே நின்றுவிடுவாள்.

அட்டை ஏறாமலிருக்க மலைக்குப் போகுமுன் நாங்கள் எல்லோரும் காலில் மருந்து பூசுவோம். சுண்ணாம்பு, உப்பு, சவுக்காரம், கொஞ்சம் புகையிலைத்தூள், எல்லாம் போட்டுக் குழைத்தது. என் அம்மா பூசினாள், அவள் அம்மாவும் பூசியிருப்பாள். நாங்கள் முகத்துக்குப் பவுடர் போடுகிற மாதிரி தடவிக்கொள்வோம். பாக்கியம் சுவருக்குப் பூசுகிற மாதிரி பூசுவாள். ஒரு பழைய பிஸ்கட் டப்பா நிறைய எப்போதும் குழைத்து வைத்திருப்பாள். அந்த டப்பா இல்லாமல் அவள் வாசற்படி தாண்டியதை நான் பார்த்ததில்லை.

இவளைப் பார்த்துச் சிரிக்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் சிரிக்கலாம், நான் பக்கத்துக் காம்பராக்காரி. மற்றவர்களுக்கு என்ன தெரியும்? அவள் புருசன் செல்வநாதன் குளவி கொட்டிச் செத்தவன். அவன் தேயிலைக்குள் புல் வெட்டிக்கொண்டிருந்தான், இவள் அடுத்த நிரையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். கத்தி கூட்டில் பட்டுவிட்டது. "ஓடு" என்று ஒரு சத்தம் கேட்டதாம். இவள் ஓடினாள். திரும்பிப் பார்த்தபோது செடிக்கு மேலே அவன் தலை தெரியவில்லை. அதற்குப் பிறகு ஒருத்தி பயப்படாமல் வேறென்ன செய்வாள்?

அந்த வருசம் முழுக்க மலைக்குப் போக அவளுக்குக் கால் வரவில்லை. நிரைக்குள் நாலு எட்டு வைப்பாள், நின்றுவிடுவாள், திரும்பி வந்துவிடுவாள். அப்போதுதான் லயத்துக்குக் கீழே மழைத்தண்ணீர் ஓடுகிற கானுக்குள் ஒரு நாய்க்குட்டி கிடந்தது. மண்ணிறம், ஒரு காது கிழிந்தது. இந்தப் பயந்தாங்கொள்ளிக்கு இப்படியாவது ஒரு வீரன் துணைக்கு இருக்கட்டும் என்று என் வீட்டுக்காரர்தான் சூரன் என்று பெயர் வைத்தார். குட்டி வளர்ந்து அவளோடு மலைக்கு வரத் தொடங்கியது. நிரைக்குள் முன்னால் போய் ஒவ்வொரு செடியாக மோந்து பார்க்கும். ஒருநாள் ஒரு செடியடியில் நின்று உறுமிற்று, எவ்வளவு கூப்பிட்டும் நகரவில்லை. தள்ளி நின்று பார்த்தால் உள்ளே பானை மாதிரி ஒரு குளவிக்கூடு. அன்றிலிருந்து சூரன் கால் வைத்த இடத்தில்தான் பாக்கியம் கால் வைப்பாள். அவன் வராத நாளில் அவள் பெயர் கொடுப்பதில்லை. வேலைக்குப் பெயர் கொடுக்காதவளுக்குத் தோட்டத்தில் காம்பரா எத்தனை நாளைக்கு நிலைக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

அந்த நாய்தான் பன்றிக்கு வைத்த சுருக்கில் மாட்டியது. ஆற்றோரமாக எவனோ கம்பி கட்டியிருந்தான். பின்னங்காலில் முட்டிக்குக் கீழே எலும்பு இரண்டாக முறிந்து, கால் தனியாகத் தொங்கிற்று. நல்ல காலம், அந்தக் கிழமை பதுளையில் மிருக நலச் சங்கம் ஒன்று நாய்களுக்குக் குடும்பக் கட்டுப்பாடு செய்ய முகாம் போட்டிருந்தது. அவர்கள் பார்த்துவிட்டு, கொழும்புக்குக் கொண்டுபோய், எலும்போடு ஒரு தகடு வைத்து, ஆணிகள் முறுக்கி, வண்டியிலேயே திருப்பிக் கொண்டுவந்து விட்டார்கள். லயத்துப் பிள்ளைகள் அவனுக்கு இரும்புக்கால் என்று பட்டம் வைத்தார்கள். ஒரு வருசத்துக்கு மேல் சூரன் பழையபடி ஓடினான், பாக்கியமும் பழையபடி மலைக்கு வந்தாள். வெட்டித் தைத்த தழும்பில் மட்டும் மயிர் சரியாக முளைக்கவில்லை. அட்டைக்கு அந்த இடம் வசதியாகப் போயிற்று. அதைப் பார்த்துப் பதறி அவனுக்கும் காலையில் மருந்து பூசத் தொடங்கினாள். எசமானிக்கும் நாய்க்கும் ஒரே மேக்கப் என்று பெண்கள் சொல்லிச் சிரித்தார்கள்.

போன தீபாவளி முடிந்து மழை பிடித்ததும் சூரன் நொண்டினான். முதலில் காலையில் மட்டும், பிறகு நாள் முழுக்க, பிறகு காலைக் கீழேயே வைக்கவில்லை. தழும்பில் குண்டூசி முனையளவு ஒரு ஓட்டை. அதிலிருந்து நீர் கசியும், அவன் நக்குவான், காயும், மறுபடி கசியும். இரவெல்லாம் தகரத்துக்கு அந்தப் பக்கம் நாய் முனகும், அதற்குமேல் இவள் முனகுவாள்.

பதுளையில் மிருக வைத்தியரிடம் கொண்டுபோனோம். எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தில் தகடு பளிச்சென்று இருந்தது, ஆணிகள் வரிசையாக இருந்தன, எலும்பு கூடிவிட்டிருந்தது. வைத்தியர் நல்ல பையன்தான். பயமுறுத்த வேண்டும் என்று சொல்லவில்லை. தகடு மறைத்துக்கொண்டிருக்கிறது, அதற்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று இந்தப் படத்தில் தெரியாது என்றார். ஆணி தளர்ந்திருக்கலாம், கிருமி உட்கார்ந்திருக்கலாம். இரும்பு வைத்த எலும்பில் எங்கேயோ ஒரு நாய்க்குப் புற்றுநோயும் வரும் என்றார். அப்படியானால் காலை எடுக்க வேண்டும், எடுத்தாலும் சொல்ல முடியாது. எதுவென்று தெரிய கொழும்பில் சீடி ஸ்கேன் பார்க்க வேண்டும்.

பாக்கியத்துக்கு மற்றதெல்லாம் காதில் விழவில்லை. பஸ்ஸில் வரும்போது மடியில் நாயை வைத்துக்கொண்டு ஒரே கேள்வியைத்தான் கேட்டாள்.

"கேன்சர்னா செத்துருவானாக்கா?"

"வாய மூடிக்கிட்டு வா" என்றேன். எனக்கும் அதே பயம்தான். அதை அவளிடம் காட்டினால் அவள் பஸ்ஸிலேயே விழுந்துவிடுவாள்.

கங்காணி கேள்விப்பட்டுக் காம்பரா வாசலுக்கே வந்தார். "எதுக்கும்மா அதப் போட்டுச் சித்திரவத பண்றீங்க? ஒரு ஊசியப் போடச் சொல்லுங்க, நிம்மதியாப் போயிரும்." அவர் கெட்டவர் இல்லை, அவருக்குத் தெரிந்த இரக்கம் அவ்வளவுதான். ஆனாலும் எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"ஒங்க மூட்டு வலிக்குப் போன மாசம் ஆஸ்பத்திரிக்குப் போனீங்களே கங்காணி, ஊசியப் போடச் சொல்லி யாராச்சும் சொன்னாங்களா?"

அவர் திரும்பிப் போய்விட்டார். பாக்கியம் அதற்கும் பயந்தாள், நாளைக்குக் கொழுந்து நிறுக்கும்போது பழி வாங்குவாரோ என்று.

சங்கத்துக்காரர்களுக்குப் போன் பண்ணினேன். கொண்டுவந்து சேர்த்தால் போதும், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். பண்டாரவளைக்கு அப்பால் போயிராதவள் பாக்கியம். கொழும்பில் தொலைந்துபோனால் என்ன செய்வது, நாயைப் பிடித்து வைத்துக்கொண்டால் என்ன செய்வது என்று அழுதாள். "நீ தொலஞ்சா எனக்கு நிம்மதி, கெளம்பு" என்றேன். வெலிமடையிலிருந்து கொழும்புக்கு லீக்ஸும் கெரட்டும் ஏற்றுகிற றில்வான் எங்களுக்குத் தெரிந்த பிள்ளை. லொறியில் நாயை ஏற்றலாமா என்று தயங்கித் தயங்கித்தான் கேட்டேன்.

"எங்கட மார்க்கத்துல நாய் எச்சில் பட்டா ஏழு தரம் கழுவோணும், ராணியக்கா" என்றான். கொஞ்சம் யோசித்தான். "பரவால்ல, கழுவிக்கிறேன். அதுவும் உசிருதானே. ஏத்துங்க." மரக்கறி மூட்டைகளுக்குப் பக்கத்தில் தனியாக ஒரு படங்குத் துணியை விரித்துக் கொடுத்தான்.

விடிந்தபோது கொழும்பில் இருந்தோம். மிருக ஆஸ்பத்திரி வாசலில் பாக்கியம் சேலைத் தலைப்பால் சூரனின் முகத்தை மூடி வைத்திருந்தாள், பட்டணத்தைப் பார்த்து அவன் பயந்துவிடுவானாம். அவன் ஒன்றும் பயப்படவில்லை. அவள்தான் என் சேலையைப் பிடித்த பிடியை விடவில்லை.

உள்ளே எங்களுக்கு வாய்த்த டொக்டர் அஸ்னா பண்டாரவளைப் பிள்ளை. தமிழில் பேசியதும் எனக்குப் பாதி உயிர் வந்தது. நாயை மயக்கிப் படுக்க வைத்துத்தான் படம் எடுப்பார்களாம், அசையக் கூடாதாம். ஊசி போட்டதும் சூரனின் தலை சாய்ந்தது, நாக்கு வெளியே விழுந்தது, கண் பாதி திறந்தபடியே நின்றுவிட்டது. பாக்கியம் என் கையை நகம் பதியப் பிடித்தாள். செல்வநாதனை மலையிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தபோது கண் அப்படித்தான் இருந்தது. அவள் சொல்லவில்லை, எனக்கும் அதுதான் ஞாபகம் வந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆளுயரத்துக்கு ஒரு வெள்ளை வளையம். அதன் நடுவிலிருந்த பலகையில் நாயை வைத்து மெல்ல உள்ளே தள்ளினார்கள்.

"அக்கா, மறுபடியும் வளையத்துக்குள்ள விடுறாங்கக்கா" என்றாள். அவளுக்கு அது பன்றிச் சுருக்காகத்தான் தெரிந்தது. உள்ளே ஓடிவிடுவாள் போலிருந்தது. நான் அவள் இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டேன்.

டொக்டர் பிள்ளை எங்களைக் கூப்பிட்டுத் திரைக்கு முன்னால் உட்கார வைத்தது. "எக்ஸ்ரேயில ஒரு பக்கத்தால மட்டுந்தான் பார்க்கலாம்மா. இது கெரட்ட வட்ட வட்டமா வெட்டிப் பார்க்கிற மாதிரி. ஒவ்வொரு துண்டா பார்க்கலாம். கால வெட்டல்ல, படத்துல மட்டுந்தான், பயப்படாதீங்க. இரும்பு இருக்கிற இடத்துல படம் கலங்கும், அதக் குறைக்கிறதுக்கும் ஒரு வழி வச்சிருக்கிறோம்."

வட்டங்கள் ஒவ்வொன்றாக ஓடின. எலும்பு வெள்ளையாக, தகடு அதைவிட வெள்ளையாக, சுற்றிலும் கதிர் கதிராக. முதல் ஆணி, அடுத்த ஆணி. பாக்கியம் திரையைப் பார்க்காமல் டொக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது ஆணியில் டொக்டரின் கை நின்றது. ஆணியைச் சுற்றி மெல்லிய கறுப்பு வளையம் ஒன்று தெரிந்தது. அங்கே எலும்பு இல்லை.

டொக்டர் எழுந்து உள்ளே போய், தழும்பிலிருந்த ஓட்டைக்குள் மெல்லிய குழாயால் ஏதோ மருந்தை விட்டு, மறுபடியும் படம் எடுத்தார். இப்போது தோலிலிருந்து ஒரு வெள்ளைக் கோடு புறப்பட்டு, நேராக இறங்கி, அந்த ஆணியின் தலையில் போய் நின்றது. எனக்கே விளங்கிவிட்டது. வெளியிலிருந்து உள்ளே ஒரு பாதை போயிருக்கிறது.

"கேன்சர் மாதிரி ஒண்ணும் தெரியல்ல" என்றார் டொக்டர். "கிருமிதான். இரும்புமேல ஒட்டிக்கிட்டு எலும்ப அரிச்சிருக்கு. எலும்பு கூடிட்டதால தகட்டக் கழட்டிரலாம். கால் தப்பும். ஒப்பரேஷன்ல எடுக்கிற துண்ட எதுக்கும் சோதனைக்கு அனுப்புவோம்."

பாக்கியம் அப்படியே கீழே உட்கார்ந்து டொக்டரின் காலைத் தொடப் போனாள். அந்தப் பிள்ளை பதறி எழுந்து அவளைத் தூக்கியது. நான் மூக்கைச் சிந்திக்கொண்டேன். அந்த நிமிசத்தோடு கதை முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

"ஆனா இந்தத் தோல் எப்படித் தொறந்திச்சு?" என்றார் டொக்டர். "இந்த எடத்துல தோலுக்குக் கீழ சதையே இல்ல, ஒடனே இரும்புதான். சுத்திவர எரிஞ்ச மாதிரி இருக்கு. கால்ல என்னமும் பூசினீங்களா?"

பாக்கியம் உதவி செய்கிற சந்தோசத்தில், தன் பையைத் திறந்து அந்தப் பிஸ்கட் டப்பாவை எடுத்து நீட்டினாள். கொழும்பிலும் அட்டை இருக்குமோ என்று கொண்டுவந்திருக்கிறாள். "அட்ட மருந்துங்க. தெனமும் காலையில பூசுவேன். நேத்து லொறி ஏறமுந்தியும் பூசினேன்."

டொக்டர் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். முகம் சுருங்கியது. நல்ல பிள்ளை, அதட்டவில்லை. சுண்ணாம்பு தோலை எரிக்கும், உப்பு புண்ணை ஆறவிடாது, அந்த ஓட்டை வழியாகத்தான் கிருமி இறங்கியிருக்கிறது என்று மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் எப்படிச் சொன்னால் என்ன?

"அப்ப நாந்தாங்களா?" என்று கேட்டாள் பாக்கியம். டொக்டர் டப்பாவை மூடி மேசையில் வைத்தார். எங்கள் கால்களில் காலம் காலமாகப் பூசியது. கெடுதி என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? எனக்கு வந்த ஆத்திரத்தை யார்மீது காட்டுவதென்று தெரியவில்லை. அவள் இரண்டு கைகளையும் சேலைக்குள் விட்டு மறைத்துக்கொண்டாள்.

தகட்டைக் கழற்றினார்கள். கிருமிக்கு மருந்து கொடுத்தார்கள். சோதனைக்கு அனுப்பியதிலும் கெட்டது ஒன்றும் இல்லை என்று சேதி வந்தது. கட்டிப்போட்டு வளர்க்க வேண்டும், ஆணியிருந்த துளைகள் அடைபடும்வரை குதிக்கவிடக் கூடாது, காலில் எதையும் பூசவே கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். லயத்துக்கு வந்ததும்தான் எனக்குப் புதுத் தலைவலி. பாக்கியம் நாயைத் தொடமாட்டேன் என்றுவிட்டாள். சோறு பிசைந்து தட்டைத் தள்ளி வைப்பாள். மருந்து கொடுப்பது நான், புண்ணைக் கழுவுவது நான். அவன் வாலை ஆட்டிக்கொண்டு அவள் பக்கம் இழுத்தால், சுவரோடு ஒட்டிக்கொள்வாள்.

"என் கை வேணாங்கக்கா. என்னமும் ஆயிரும்."

"ஆகாதுடி. சோத்த அள்ளிப்போடுற கைதானே அது?"

"வேணாங்கக்கா."

அட்டை, குளவி, இடி என்று வெளியில் இருந்ததற்கெல்லாம் பயந்தவள் இப்போது தன் கைக்கே பயந்துபோய் நின்றாள். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. கத்திப் பார்த்தேன், ஒருநாள் முழுக்கப் பேசாமலும் இருந்து பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

டொக்டர் போனில் சரி சொன்ன பிறகு, சித்திரை மழை தொடங்கிய ஒரு காலையில், சூரனை அவிழ்த்துவிட்டோம். அவன் நேராக மலைக்கு ஏறினான். பாக்கியம் பின்னால் போனாள். நான் கானுக்கு எதிர்க்கரையில் கொழுந்து எடுத்துக்கொண்டு, ஒரு கண்ணை அவர்கள்மீதே வைத்திருந்தேன். நிரையின் நடுவில் அவள் நின்றுவிட்டாள்.

"அக்கா, ஏறிருச்சுக்கா."

நாயின் தழும்பில் கறுப்பாக ஒன்று நெளிவது எனக்கு அங்கிருந்தே தெரிந்தது. கூடையை இறக்கிவிட்டு, வாயில் வந்ததையெல்லாம் திட்டிக்கொண்டு கானைத் தாண்டினேன். மழையில் மண் வழுக்கியது, சீக்கிரம் போக முடியவில்லை. அது அந்தப் புதுத் தோலைக் கடித்து மறுபடி ஓட்டை போட்டால் என்ன செய்வது என்று எனக்கும் உதறல். நான் பாதி வழி வந்தபோது அவள் சேலைக்குள்ளிருந்து கைகளை எடுத்தாள். குனிந்தாள். அழுதுகொண்டே, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, நகத்தை மெல்லக் கீழே கொடுத்து, தோலில் கீறல் படாமல் அதைப் பிரித்தெடுத்தாள். எடுத்ததை எறியத் தெரியவில்லை. விரலில் அது நெளிய நெளிய, கையை நீட்டிக்கொண்டு நின்றாள். நான் போய்த் தட்டிவிட்டேன். சூரன் அவள் கையை நக்கிவிட்டு அடுத்த செடியை மோந்து பார்க்கப் போனான்.

அப்போதுதான் அவள் காலைப் பார்த்தேன். சுண்ணாம்பு இல்லை, ஒன்றுமில்லை, வெறுங்கால்.

"மருந்து பூசலையா புள்ள?"

"எப்படிக்கா பூசுறது? அவன் என் கால்ல ஒரசிக்கிட்டுத்தானே வர்றான்."

அவளுடைய கெண்டைக்காலில் இரண்டு ஏறியிருந்தன. அவளும் அப்போதுதான் பார்த்தாள். காலை முன்னால் நீட்டி, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"எடுத்துவிடுங்கக்கா."